பச்சை மூடி பாட்டிலும் என் மூக்கும்

சவரம் செய்தபின் முகத்தில் தடவிக்கொள்ளும் ஒரு மலிவு விலைக் கொலோனுக்காக நான் ஒரு வருடத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறேன். கம்பெனியோடு, சலூன்காரரோடு, கடைசியில் வீட்டுக்காரியோடு. அதன் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் பக்கத்துக் கடைகளில் பச்சை மூடி என்று கேட்டாலே எடுத்துத் தந்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு அதுதான். இடையில் மைத்துனர் துபாயிலிருந்து தங்க நிறப் பாட்டிலில் ஏதோ ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்தேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இவ்வளவு அமளி எதற்கு என்று கேட்டால் என் வேலையைச் சொல்ல வேண்டும். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழித்தீவன மில்லில் இருபத்தாறு வருடமாகச் சரக்குப் பார்ப்பவன் நான். மக்காச்சோளம் ஆத்தூர்ப் பக்கமிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரி லாரியாக வரும். லாரி எடைமேடைக்குப் போகுமுன் நான் மேலே ஏறுவேன். குத்தூசி என்று ஒன்று உண்டு, முனை கூரான இரும்புக் குழல். அதை மூட்டைக்குள் குத்தி இழுத்தால் உள்ளே கிடக்கும் சோளம் கொஞ்சம் குழலோடு வெளியே வரும். அதை உள்ளங்கையில் கொட்டி, ஒரு ஊது ஊதி, மூக்கருகே கொண்டுபோவேன். பூசணத்தின் மக்கல் வாசனை அடித்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பூசணம் பிடித்த சோளத்தைத் தின்ற கோழிக்கு ஈரல் கெடும், முட்டை குறையும், பண்ணைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிவரும். ஈரம் பார்க்க மில்லில் மிஷின் இருக்கிறது. பூஞ்சைக்கு வெளியே சோதனைக்கு அனுப்பினால் முடிவு மறுநாள்தான் வரும். அதுவரை எந்த லாரியும் நிற்காது. ஆகவே எங்கள் மில் வாசலில் தீர்ப்புச் சொல்வது என் மூக்கு. வியாபாரிகள் என்னை ‘மூக்கண்ணன்’ என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் கோபப்படுவது போல் காட்டிக்கொள்வேன், உள்ளுக்குள் பிடிக்கும்.

அந்த மில்லில் கருவாட்டுத் தூள், தவிடு, புண்ணாக்கு எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. சட்டையைக் கழற்றினாலும் அது உடம்பை விடாது. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் என் தலையணையை மட்டும் வெயிலில் போடுவாள். அதனால்தான் சாயங்காலம் குளித்து, சவரம் செய்து, பச்சை மூடியை நாலு சொட்டு விட்டு அறைந்துகொள்வேன். முதலில் எலுமிச்சைத் தோல். ஐந்து நிமிஷம் கழித்துக் கிராம்பு. அரை மணி நேரம் போனால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இழைத்த மரச்சீவல் வாசனை, அது படுக்கும்வரை இருக்கும். வேலை நேரத்தில் மட்டும் அதைத் தொடவே மாட்டேன். செண்ட் போட்டவன் சரக்குப் பார்க்கக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். அதை மீறிய இரண்டு பேரை மில்லில் வைத்துக் கத்தியும் இருக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு வாங்கிய ஒரு பாட்டிலில்தான் வம்பு ஆரம்பமானது. அட்டைப்பெட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த தண்ணீர் முன்பெல்லாம் வடிகட்டிய டீ நிறத்தில் இருக்கும், இது வெளிறிய பச்சை. தடவினேன். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். எலுமிச்சையைக் காணோம். கிராம்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மரச்சீவலைப் பற்றிப் பேச்சே இல்லை. “ஏ புள்ள, இதுல தண்ணியக் கலந்து அடைச்சிருக்கறானுங்க” என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன்.

அவள் வந்து என் கன்னத்தருகே மோந்து பார்த்தாள். “மாறித்தான் போச்சுங்க. சூயிங் கம்மு மாதர இனிக்குது. ஆனா வாசமே இல்லைன்னு சொல்ல முடியாது, நல்லா அடிக்குது.”

“எங்க அடிக்குது?”

“உங்க மூக்குக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சாட்ட இருக்குது” என்றாள், சும்மா விளையாட்டாக.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வேறு யாருடைய மூக்கையாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு டெய்லரிடம் உனக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் அவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கொரோனா வந்தபோது பதினைந்து நாள் என் மூக்கு செத்துக் கிடந்தது உண்மை. பிறகு திரும்பி வந்துவிட்டது. வந்துவிட்டது என்று மில்லிலும் சொன்னேன், வீட்டிலும் சொன்னேன், நானும் நம்பினேன். மூக்கு போனால் எனக்கு அந்த மில்லில் என்ன வேலை? அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் கம்பெனிமேல் பாய்ந்தேன்.

பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பிள்ளை எடுத்து, என் பெயரை மூன்று முறை கேட்டு எழுதிக்கொண்டு, “தங்கள் கருத்துக்கு மிக்க நன்றி சார்” என்றது. “கருத்து இல்லம்மா, புகாரு” என்றேன். “தங்கள் புகாருக்கு மிக்க நன்றி சார்” என்றது. அதற்கு மேல் அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

வாசனை குறைந்த பொருளை என்ன செய்வோம்? அதிகமாக ஊற்றுவோம். நானும் ஊற்றினேன். நாலு சொட்டு எட்டாகி, பிறகு உள்ளங்கை நிறைய ஆனது. கழுத்து, அக்குள், சட்டைக் காலர் என்று ஓர் இடம் விடவில்லை. இதில்தான் வாசனையே இல்லையே என்ற தைரியத்தில் காலையில் வேலைக்குப் போகும்போதும் போட ஆரம்பித்தேன். என் சட்டத்தை நானே உடைத்தேன், உடைத்தது கூடத் தெரியாமல். மில்லில் லோடு இறக்குகிறவர்கள் என்னைப் பார்த்ததும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். தூசிக்குக் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். “அண்ணன் வாரது புதன்சந்தை தாண்டும்போதே தெரிஞ்சுபோச்சுங்க” என்று ஒரு லாரி டிரைவர் சிரித்தார். புதன்சந்தை மில்லுக்கு முந்தின ஊர். என் பைக் சத்தத்தைச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். என் கதையை நானே இப்போது திருப்பிப் பார்த்தால், இவ்வளவு தடித்தனம் ஓர் ஆளுக்கு ஆகாது.

ஆனாலும் விடவில்லை. பழைய பாட்டில் ஒன்று கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து நிரூபித்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் ஊர் சலூனில் கண்ணாடிக்கு முன்னால் பச்சை மூடியின் பழைய பாட்டில் ஒன்று பல வருடமாக நிற்கும். லேபிள் பாதி உரிந்தது, உள்ளே தண்ணீர் வெளிறிக் கிடந்தது. அதை எடுத்து மோந்தேன், ஒன்றும் இல்லை. திரும்பவும் மோந்தேன். “இது பழைய சரக்குத்தானுங்களே?” என்று கேட்டேன். சலூன்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, “பாட்டலு பழசுங்க. உள்ள இருக்கறது மாசாமாசம் மாத்தறது. பாதிக்கு மேல தண்ணி, உங்களுக்குத் தெரியாததா?” என்றார். அன்றைக்கு அவர் ஏமாற்றுக்காரர் என்பதில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

கடைசியில் சேந்தமங்கலத்தில் கிடைத்தது. பஸ் நிறுத்தத்துக்கு அருகே ரிப்பன், சீப்பு, வளையல் விற்கும் ஒரு ஃபேன்சி கடை. மேல் தட்டில், கண்ணாடிக்குப் பின்னால், வெயிலில் வெளுத்த பெட்டியோடு ஒரு பச்சை மூடி நின்றது. பெட்டியில் இருந்த எழுத்து எனக்குத் தெரிந்த பழைய எழுத்து. கடைக்காரர் தர மாட்டேன் என்றார்.

“அது யாவாரத்துக்கு இல்லைங்க. எங்கப்பா வெச்சது. எடுத்தா அந்த எடம் வெறிச்சுன்னு போயிரும்.”

“எடந்தானுங்களே பிரச்சின?” என்று பையில் இருந்த புது பாட்டிலைப் பெட்டியோடு எடுத்து நீட்டினேன். “இத அங்க வையுங்க. இன்னும் பளபளன்னு இருக்கும்.”

அவர் இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மனநிலை சரியில்லாதவர் என்று நினைத்திருக்க வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறி மாற்றி வைத்துவிட்டுப் பழையதைத் துடைத்துத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பிட்டு முடித்ததும் பழைய பாட்டிலையும், இன்னொரு புது பாட்டிலையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பெட்டியையும் படித்தேன். பழையதில் என்னென்ன இருக்கிறது என்று இரண்டே வரி. புதியதில் எறும்பு எழுத்தில் பத்து வரி, அதற்குக் கீழே ‘மேம்படுத்தப்பட்ட நறுமணம்’ என்று ஒரு வாக்கியம். “பாத்தியா! அவனே எழுதிப்போட்டிருக்கறான்!” என்று மேசையைத் தட்டினேன். பழைய பாட்டிலின் மூடி இறுகியிருந்தது. சுடுதண்ணீரில் காட்டித் திறந்தேன். கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோனேன்.

எல்லாம் வந்தது. எலுமிச்சைத் தோல், கிராம்பு, மரச்சீவல், வரிசை மாறாமல். என் மூக்கு என்னிடமே இருக்கிறது, கம்பெனிக்காரன்தான் திருடன். இதற்காக ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன் என்று சொல்லத் தோன்றியது.

வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு. “நான் கண்ண மூடிக்கறேன். நீ எதையாச்சும் எடுத்து என்ற மணிக்கட்டுல தடவு. எதுன்னு சொல்றேன்.” கீரையை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இடது கையில் தடவினாள். மோந்து, “பழசு” என்றேன். சரி. வலது கையில். “புதுசு.” சரி. முழங்கைக்குக் கீழே, பிறகு அதற்கும் மேலே, பிறகு புறங்கையில். ஐந்துக்கு ஐந்தும் சரி. நான் எழுந்து நின்று சிரித்தேன். “மூக்கு போச்சுன்னு சொன்னியே, இப்ப என்ன சொல்ற?”

அவள் சிரிக்கவில்லை. ராசிபுரத்தில் தறிக்காரர்கள் வீட்டில் பிறந்தவள் அவள். நூலைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே எந்த நம்பர் என்று சொல்லிவிடுவாள். என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, மோக்கறதுக்கு முன்னாலயே உங்க மொகத்துல தெரிஞ்சு போச்சுங்க. நான் தடவுனதுமே நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க. புதுசு சீக்கிரமாக் காயுது, சில்லுன்னு இருக்குது. பழசு பிசுபிசுன்னு நிக்குது. உங்களுக்குக் கைதான் சொல்லிச்சு.”

“கை எப்பிடிச் சொல்லும்?”

“இருங்க, வாரேன்.”

பழைய வேட்டியில் மூன்று துண்டு கிழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்து மூன்றையும் தனித்தனித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். துணி நன்றாகக் காய்ந்திருந்தது, கை பட்டால் வித்தியாசமே இல்லை. முதல் துண்டை மோந்தேன். யோசித்து, புதுசு என்றேன். இரண்டாவதையும் மோந்தேன். இதுவும் புதுசுதான் என்று பட்டது. மூன்றாவதை எடுத்தேன். அப்பாடா என்று இருந்தது. எலுமிச்சை லேசாக, பிறகு கிராம்பு. “இதுதான் பழசு. சந்தேகமே இல்ல” என்றேன்.

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள்.

“ரெண்டாவதுதானுங்க பழசு. கடைசித் துணில ஒண்ணுமே தடவலைங்க.”

நான் அந்தத் துணியைத் திரும்ப எடுத்து மோந்தேன். எனக்கு இப்போதும் கிராம்பு வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது பேசாமல் இருந்த இடத்திலெல்லாம் நான்தான் என் நினைவிலிருந்து எடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பழைய பாட்டிலைத் திறந்தபோது வந்ததும் பாட்டிலிலிருந்து வரவில்லை. வெட்கமும் பயமும் சேர்ந்து எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் பக்கத்தில் வந்து நின்று என் தோளில் கை வைத்திருந்தாள். கம்பெனி மாற்றியது உண்மைதான் என்றும், பழசு ரொம்ப நல்லா இருக்குது என்றும் சொன்னாள். எலுமிச்சை கொஞ்சம் செத்திருக்கிறதாம், கிராம்பு அப்படியே இருக்கிறதாம். ஒரு கொலோனில் நான் சொன்னது சரியாகப் போயிற்று, மற்ற எல்லாவற்றிலும் தப்பாகப் போயிற்று.

சேலத்தில் ஒரு மூக்கு டாக்டரைப் பார்த்தோம். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இவ்வளவு நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியும், கை கவனித்துக்கொண்டது. குத்தூசியிலிருந்து சோளம் உள்ளங்கையில் விழும்போதே அதன் சூடு, பாரம், ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை, ஊதினால் பறக்கும் பொடி எல்லாம் சொல்லிவிடும். அதற்குப் பிறகு மூக்கருகே கொண்டுபோனது வெறும் பழக்கம். பத்தில் ஒன்பது லோடுக்குக் கை போதும். பத்தாவது லோடு ஒன்று இருக்கிறது: வெயிலில் காயப்போட்டு, புடைத்து, கைக்குக் கலகலவென்று விழும், உள்ளே மட்டும் மக்கியிருக்கும். அதற்கு மூக்கைத் தவிர வேறு வழியில்லை.

அப்படி ஒரு லோடு எனக்கு உடனே ஞாபகம் வந்தது. போன ஐப்பசி மழையில் வந்தது. மில்லில் சிந்துகிற சோளத்தைக் கூட்டி அள்ளும் அக்கா ஒருவர் இருக்கிறார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அன்றைக்கு லாரிக்குக் கீழே நின்று, “சாமி, அந்த ஓரத்து மூட்டையெல்லாம் மக்கல் அடிக்குதுங்க” என்றார். நான் மேலே நின்றபடியே, “கூட்டற வேலையப் பாருங்கக்கா. மோக்கறதுக்கு நான் இருக்கறேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார். லோடை இறக்கச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் முட்டை குறைந்தது. தண்ணீர் மாறியதால் இருக்கும் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். அது அந்தச் சோளத்தால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இப்போது உறுத்துகிறது.

டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை முதலாளியிடம் போனேன். என்னை வேலைக்கு எடுத்தவர் அவருடைய அப்பா. இவர் எனக்கு மகன் வயது. எழுந்து நின்று, “உக்காருங்கண்ணா” என்றார். உட்காராமலே சொல்லிவிட்டேன்.

“தம்பி, எனக்கு வாசம் தெரியறதில்லைங்க. கொரோனாலருந்தே இல்ல போல. நேத்துத்தான் நெசமாத் தெரிஞ்சுது. வேற ஆளப் பாத்துக்குங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். “வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களாண்ணா?”

“ஊட்டுல மட்டுந்தானுங்க.”

“சொல்லாதீங்க. யாவாரிக்கு நம்ம மில்லுன்னா உங்க மூக்குத்தான் பயம். அது போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கே எல்லாக் கழிசலையும் இங்க கொண்டாந்து கொட்டிப்போடுவாங்க. நீங்க எப்பவும் போல மேல ஏறுங்க, மோக்கற மாதர மோந்து பாருங்க. நல்ல மூக்கு இருக்கற ஆளு ஒருத்தரக் கீழ நிக்க வெச்சுக்கலாம். அவங்க சாடை காட்டட்டும்.”

அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை அப்போது. வேலையும் போகவில்லை, மானமும் போகவில்லை. யாரை நிறுத்தலாம் என்று கேட்டதும் அந்தக் கூட்டுகிற அக்காவைத்தான் சொன்னேன். அவரிடம் நானே போய், “அன்னைக்கு உங்களக் கத்திட்டனுங்கக்கா, நாந்தான் தப்பு” என்றேன். “அட, போவுது சாமி” என்றார், கூட்டுவதை நிறுத்தாமல். ஏற்பாடு சுலபமானது. நான் குத்தூசியால் எடுத்ததில் பாதியைக் கீழே சிந்தவிடுவேன். அவர் கூட்டுவது போலக் குனிந்து அள்ளிப் பார்ப்பார். சரக்கு நல்லதென்றால் தொடர்ந்து கூட்டுவார். கெட்டதென்றால் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. மூன்று லாரியைத் திருப்பினோம். வியாபாரிகள் ‘மூக்கண்ணன் மூக்கு மூக்குத்தான்’ என்றார்கள். முன்பு இனித்த பேச்சு இப்போது புளித்தது.

போன வாரம் ஆத்தூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் தன் லோடோடு தானே வந்திருந்தார். பழைய பழக்கம். நான் ஏறிக் குத்தினேன். உள்ளங்கையில் சோளம் கலகலவென்று விழுந்தது. சூடில்லை, பொடி இல்லை, மிஷினில் ஈரமும் சரியாக இருந்தது. என் கை நூற்றுக்கு நூறு நல்ல சரக்கு என்றது. கீழே சிந்தவிட்டேன். அக்கா குனிந்து அள்ளினார். விளக்குமாற்றைப் போட்டார். ஆனால் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. இன்னொரு கை அள்ளி மோந்து, சந்தேகம் தீராமல், மறந்துபோய் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“சாமி, இது ஆவாதுங்க. உள்ளுக்குள்ள மக்கிக் கெடக்குது.”

வியாபாரி திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “ஏம்மா, வெளக்கமாறு புடிக்கிற கைக்குச் சோளத்தப் பத்தி என்ன தெரியும்? போய் அந்தப் பக்கம் கூட்டு. மேல நிக்கிறது யாருன்னு தெரியுமா உனக்கு? அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. உங்க மூக்கு சொன்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.”

லோடு இறக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். முதலாளியும் ஆபீஸ் வாசலுக்கு வந்திருந்தார். நான் மோந்து பார்ப்பது போலப் பார்த்து, ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லாரி திரும்பிவிடும், என் பெயரும் நிற்கும். அக்கா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார். ஐப்பசி மழையில் என் பேச்சைக் கேட்டு நகர்ந்த அதே மாதிரி நகரப் பார்த்தார்.

“நில்லுங்கக்கா” என்றேன். லாரியிலிருந்து இறங்கி வந்தேன். “ஏனுங்க, என்ற மூக்கு செத்து மூணு நாலு வருஷமாச்சுங்க. இந்தச் சரக்கு நல்லதுன்னுதான் என்ற கை சொல்லுது. ரெண்டு மாசமா உங்க லோடெல்லாம் பாத்தது இந்த அக்காதான். நானு இல்லைங்க. இவங்க ஆவாதுன்னா ஆவாது.”

வியாபாரி அக்காவை மேலும் கீழும் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார்; முகம் இறுகித்தான் இருந்தது. பிறகு, “அக்கா சொன்னபடி பண்ணுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லாரியைத் திருப்பும்போது ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். லாரி நம்பர், சரக்கு, காரணம் எல்லாம் எழுதினேன். கீழே ‘சரக்குப் பார்த்தவர்’ என்று ஒரு கோடு இருக்கும். இருபத்தாறு வருடமாக அதில் என் கையெழுத்துதான். சீட்டுப் புத்தகத்தைத் திருப்பி அக்காவிடம் நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். அவர் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை டிரைவரும் வியாபாரியும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.